வீட்டு வாசலில் பேவர் பிளாக் பதித்தல்: சென்னை மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

விருகம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் பதித்த பேவர் பிளாக்குகள் முதல் மழைக்காலத்தைக்கூட முழுதாகத் தாங்கவில்லை. தீபாவளி கழிந்த இரண்டு வாரத்தில், சக்கரம் உருளும் இரண்டு தடங்களிலும் கற்கள் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கிவிட்டன. நடுப்பகுதி மட்டும் மேடாக நின்றது. கார் ஏறும்போதெல்லாம் கற்களின் இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறக் குழம்பு பிதுங்கி வெளியே வந்தது. இரண்டு கற்களை நெம்பி எடுத்துப் பார்த்தேன். கற்களில் ஒரு கீறல்கூட இல்லை. அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கொட்டியிருந்த கிரஷர் தூள் (ஜல்லி உடைக்கும்போது விழும் கல்தூள்) ஊறி, பிசைந்த மாவுபோல் இருந்தது. அதற்குக் கீழே நேராகக் கறுப்புக் களிமண். ஜல்லி என்ற ஒன்று போடப்படவே இல்லை. கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான், சொந்த வீட்டு வேலை நடந்த நான்கு நாளும் வெளியூரில் இருந்துவிட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த கோடையில் எல்லாவற்றையும் பெயர்த்து, அதே கற்களைக் கழுவி, சரியான முறையில் மீண்டும் பதித்தோம். கற்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. செலவெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கீழே போனது. இந்த வழிகாட்டியில் கல்லின் நிறத்தையும் வடிவத்தையும்விட, கல்லுக்கு அடியில் இருப்பவற்றுக்கும் தண்ணீர் போகும் வழிக்கும் அதிக இடம் ஒதுக்கியிருப்பதற்கு அதுவே காரணம்.

முதலில் மண்

சென்னை முழுவதும் ஒரே மண் இல்லை. கடற்கரையை ஒட்டிய திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற பகுதிகளில் மணற்பாங்கான நிலம். தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் என நகரத்தின் பெரும்பகுதி களிமண். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டுப்படும். ஆனால், மனையை மேடாக்கச் சவுடும் கட்டட இடிபாடும் கொட்டியிருந்தால் இந்தப் பொதுக் கணக்கு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. ஆகவே வாசலில் இரண்டு இடங்களில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்த்துவிடுவது நல்லது.

தோண்டிய மண்ணில் ஒரு பிடியை எடுத்து நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் கயிறுபோல் உருட்டுங்கள். உடையாமல் மெல்லிய கயிறாக நீண்டால் அது களிமண். உருட்டவே வராமல் உதிர்ந்தால் மணல். மணலில் தண்ணீர் நிற்காது, எனவே ஓரங்களை மட்டும் இறுக்கிக் கட்டினால் பாதி வேலை முடிந்ததுபோல. களிமண்ணோ மழையில் உப்பி, மே மாத வெயிலில் சுருங்கி வெடிக்கும்; அந்த ஏற்ற இறக்கம் அதன்மேல் இருக்கும் எதையும் சும்மா விடாது.

வேலைக்கு ஏற்ற காலம் தை முடிந்ததிலிருந்து ஆனி வரை. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஈரக் களிமண்ணை எவ்வளவு இடித்தாலும் அது இறுகாது, ரப்பர்போல எழும்பி எழும்பி விளையாடும். ஆடியில் புது வேலை தொடங்கத் தயங்கும் குடும்பங்கள் வைகாசியிலேயே மேஸ்திரியிடம் நாள் சொல்லிவைப்பது நல்லது.

மட்டமும் வாட்டமும்

அடுத்து முடிவு செய்ய வேண்டியது தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பது. இதைக் காகிதத்தில் வரைந்து முடிக்காமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது. பேவர் தளத்துக்கு 50 அடிக்கு 1 அடி வாட்டம் கொடுத்தால் போதுமானது; அதாவது 10 அடி நீளத்துக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குல இறக்கம். இடம் இல்லையென்றால் 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் சிறு பள்ளமும் குட்டையாகிவிடும்.

வாட்டம் எப்போதும் வீட்டுச் சுவரிலிருந்து விலகிப் போக வேண்டும். சென்னையில் இங்குதான் சிக்கல். பல தெருக்களில் சாலையைத் திரும்பத் திரும்பப் போட்டு உயர்த்திவிட்டதால், பழைய வீடுகளின் வாசல் தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் தெருப்பக்கம் வாட்டம் கொடுக்க முயல்வதில் பொருளில்லை. கேட்டின் உட்புறம் குறுக்காக ஒரு கால்வாய் வெட்டி, மேலே இரும்புக் கிரேட்டிங் போட்டு, அதிலிருந்து குழாய் வழியாக நீரைக் கசிவுக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். தெருத்தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் கேட்டுக்கு நேராக ஒரு மெல்லிய மேடு எழுப்பி, இரண்டு பக்கமும் சரித்துவிடலாம். அந்தச் சரிவு உங்கள் எல்லைக்குள்ளேயே முடிய வேண்டும். தெருவில் நீட்டிய சாய்தளம் நடப்பவருக்கும் இடைஞ்சல், மழைநீர் வடிகாலுக்கும் இடைஞ்சல்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனாலும் பல வீடுகளில் அந்தக் குழியின் மேலேயே பேவர் பதித்து மூடிவிடுகிறார்கள். கற்களின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் நீர் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால், நாளடைவில் தூசி படிந்து அந்த வழி குறுகிவிடும். நவம்பர் மாத அடைமழையை அது மட்டும் ஏற்றுக்கொள்ளாது. ஏறத்தாழ 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு கசிவுக் குழியைத் தளத்தின் தாழ்ந்த முனையில் வைத்து, துளையுள்ள மூடி போட்டு, தூர்வார வசதியாகத் திறந்து மூடும்படி விடுங்கள். அடியில் கெட்டியான களிமண் இருக்கும் மனையில், மணல் அடுக்கை எட்டும் வரை குழிக்குள் துளை இறக்கினால்தான் நீர் உள்வாங்கும்.

மட்டத்தைக் குறிக்க, நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயான டியூப் லெவல் போதும். வீட்டின் அடித்தள மட்டத்திலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் கீழே தளத்தின் மேல்மட்டம் வருமாறு சுவரில் கோடு போடுங்கள். சம்ப் எனும் நிலத்தடி நீர்த்தொட்டியின் வாய், கழிவுநீர்ச் சேம்பர் மூடி, கேட் திறக்கும் வட்டம் ஆகிய மூன்றையும் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். சம்ப் வாய் தளத்தைவிட உயர்ந்தே இருக்க வேண்டும். அழகுக்காக அதைத் தளத்தோடு சமமாக்கினால், வாசல் கழுவிய தண்ணீரைத்தான் குடிக்க நேரும்.

எந்தக் கல்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 15658 தரநிலை 2006இல் வகுத்த அட்டவணைப்படி, வாகனம் வராத இடத்துக்கு 50 மி.மீ. கனமும் எம்30 வலிமையும், இலகு போக்குவரத்துக்கு 60 மி.மீ. கனமும் எம்35 வலிமையும், நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மி.மீ. கனமும் எம்40 வலிமையும் உள்ள கற்கள் வேண்டும். ஒரு குடும்பத்தின் கார் நிற்கும் இடத்துக்கு 60 மி.மீ. சரியானது. தண்ணீர் லாரி உள்ளே வந்து சம்ப் நிரப்பும் வீடு என்றால் யோசிக்காமல் 80 மி.மீ. வாங்குங்கள். லாரியின் ஒரு நடை, காரின் ஆண்டுக்கணக்கான போக்குவரத்தைவிட அதிகச் சேதம் செய்யும்.

சந்தையில் இரண்டு வகை கிடைக்கிறது. ரப்பர் மோல்டில் ஊற்றி அதிர்வு மேசையில் எடுப்பது ஒன்று. கண்ணாடிபோலப் பளபளக்கும், நிறமும் எடுப்பாக இருக்கும். இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது இன்னொன்று. சொரசொரப்பாக, கொஞ்சம் மங்கலாகத் தெரியும். வாசலுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பளபளப்பான கல்லில் மார்கழிக் காலைப் பனியும் கோலம் போடத் தெளித்த தண்ணீரும் சேர்ந்தால், வயதானவர்கள் வழுக்கி விழ வேறெதுவும் தேவையில்லை.

வாங்கும் இடத்திலேயே சில சோதனைகள் செய்துவிடலாம். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; மொத்தென்று கேட்டால் அது வேகாத கல். ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிப்ஸ் ஜல்லி சீராகப் பரவி, ஓட்டைகள் இல்லாமல் இருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் எடை போடுங்கள்; தரநிலை அனுமதிக்கும் சராசரி நீர் உறிஞ்சும் அளவு 6 சதவீதம். ஏறத்தாழ 2,800 கிராம் எடையுள்ள கல் 170 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால் அந்தச் சரக்கு வேண்டாம். வீட்டுத் தராசுச் சோதனை ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாதுதான், ஆனால் மோசமான சரக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். வார்த்த தேதியையும் கேளுங்கள். 28 நாள் ஆகாத கல்லை இறக்க வேண்டாம்.

வடிவத்தில் ஜிக்ஜாக்கோ, 200க்கு 100 மி.மீ. செவ்வகமோ காருக்கு நல்லது. நிறத்தைப் பொறுத்தவரை, அடர் கறுப்பும் அடர் சிவப்பும் சித்திரை மதியத்தில் வெறுங்காலை வைக்க விடாது. வெளிர் சாம்பலைப் பின்னணியாக வைத்து, ஓரத்தில் மட்டும் நிறம் காட்டுவது போதும்.

கணக்கும் பேச்சும்

10 அடிக்கு 20 அடி, அதாவது 200 சதுர அடி வாசலை எடுத்துக்கொள்வோம். கல் 60 மி.மீ., மணல் படுக்கை 30 மி.மீ., ஜல்லி அடித்தளம் 150 மி.மீ.; மொத்தம் 240 மி.மீ., கிட்டத்தட்ட ஒன்பதரை அங்குலம் தோண்ட வேண்டும். அப்படித் தோண்டும்போது சுமார் 160 கன அடி மண் வரும். தோண்டியதும் பொதபொதவென்று பெருகி 200 கன அடியாகும், அதாவது இரண்டு யூனிட். இதை யார் அப்புறப்படுத்துவது என்று பேசாமல் விட்டால், அது உங்கள் வீட்டு எதிரிலேயே குவிந்து கிடக்கும். அடித்தளம் இடித்து இறுகிய பிறகு 100 கன அடி இருக்க வேண்டுமென்றால், கொட்டும்போது 125 முதல் 130 கன அடி வேண்டும். படுக்கை மணல் 30 கன அடி. கற்கள் 200 சதுர அடிக்கு மேல் 5 சதவீதம் கூடுதலாகவும், மூலைவாட்டில் பதிப்பதாக இருந்தால் 10 சதவீதம் கூடுதலாகவும் வாங்க வேண்டும். இவற்றின் எடை மட்டும் இரண்டரை டன்னுக்கு மேல் வரும் என்பதால், இறக்குக் கூலியையும் முன்பே பேசிவிடுங்கள்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரி சொல்லும் விலையில் என்னென்ன அடங்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பல நேரங்களில் அதில் கல்லும் மணலும் பதிக்கும் கூலியும் மட்டுமே இருக்கும். தோண்டுவதும் ஜல்லியும் ஓரக் கட்டும் கணக்கிலேயே வராது. நான் ஏமாந்ததும் இந்த இடத்தில்தான். ஒப்பந்தத்தில் அடித்தளத்தின் கனத்தை மி.மீ. அளவில் எழுதுங்கள். பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, இரண்டாம் தவணையை அடித்தளத்தை நீங்களே அளந்து பார்த்த பிறகு கொடுங்கள். கல் பதித்த பின் எதையும் அளக்க முடியாது.

தோண்டுவதும் அடித்தளம் போடுவதும்

மண்வெட்டி விழும் முன் மின்வாரியக் கேபிள், மெட்ரோ வாட்டர் குழாய், கழிவுநீர்க் குழாய் மூன்றும் எங்கே ஓடுகின்றன என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேபிள் செல்லும் பகுதியில் கடப்பாரை வேண்டாம். பழைய குழாய் கசிகிறதா என்றும் பார்த்து மாற்றிவிட இதுவே தருணம். கசியும் குழாய்க்கு மேல் எந்தத் தளமும் நிற்காது.

தளத்தின் எல்லையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் அரை அடி கூடுதலாகத் தோண்டினால், ஓரக் கட்டும் ஜல்லியின்மேல் நிற்கும். தோண்டிய அடிமட்டத்துக்கும் அதே வாட்டம் இருக்க வேண்டும். வேர், செடி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, மண்ணை லேசாக நனைத்து, அதிரும் தகட்டால் மண்ணை இறுக்கும் இயந்திரமான பிளேட் காம்பாக்டரால் இடிக்க வேண்டும். குதிகாலை ஊன்றித் திரும்பினால் பள்ளம் விழக் கூடாது. ஓரிடத்தில் மெத்துமெத்தென்று இருந்தால் அங்கே அரை அடி மேலும் தோண்டி, கிராவல் நிரப்பி இடியுங்கள். வேப்பமரமோ தென்னையோ இருந்தால் அதைச் சுற்றி 3 அடியாவது திறந்த மண்ணாக விடுங்கள். வேரை வெட்டி இடம் பிடிப்பது, அடுத்த புயலில் மரத்தை வீட்டின்மேல் சாய்க்கும் ஏற்பாடு.

களிமண் நிலத்தில் இந்தக் கட்டத்தில், நீரை மட்டும் விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் ஜல்லி மெல்ல மெல்லக் களிமண்ணுக்குள் புதையும், களிமண் ஜல்லிக்குள் ஏறும். மூன்றாவது மழையில் இரண்டும் ஒன்றாகிவிடும். துணியை ஓர் அடி மேலேறி வரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, பக்கங்களில் மடித்து ஏற்றுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை துணிக்கு மேல் 200 மி.மீ. அடித்தளம் போட்டோம். மணல் நிலத்தில் 100 மி.மீ. போதும், மற்ற இடங்களில் 150 மி.மீ.

அடித்தளத்துக்கு ஏற்றது வெட் மிக்ஸ். ஒன்றரை ஜல்லியிலிருந்து தூள் வரை எல்லா அளவும் கலந்திருப்பதால், இடிக்கும்போது பெரிய கல்லின் இடுக்கில் சிறிய கல் புகுந்து பூட்டிக்கொள்ளும். ஒரே அளவு ஜல்லியை மட்டும் கொட்டினால் அது கோலிக்குண்டு மூட்டைபோல நகர்ந்துகொண்டே இருக்கும். இதை ஒரே தடவையில் கொட்டி மேலாக இடிப்பது பரவலாக நடக்கும் ஏமாற்று வேலை. நான்கு அங்குல அடுக்காகக் கொட்டி, ஒரு பிடியை எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் நனைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நான்கைந்து நடை இடிக்க வேண்டும். இயந்திரத்தின் சத்தமே மாறும்: முதலில் மந்தமாக இருக்கும் ஒலி, அடுக்கு இறுகியதும் கட்டாந்தரையில் தட்டுவதுபோலக் கூர்மையாகிவிடும். பழைய காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய ஓர் அடிக்கு மட்டும் இயந்திரத்தை விலக்கி, திமிசுக்கட்டையால் இடியுங்கள்.

முடிந்ததும் 10 அடி மட்டக்கோலை மேலே வைத்துப் பாருங்கள். கோலுக்கும் அடித்தளத்துக்கும் இடையே 10 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால், அங்கே வெட் மிக்ஸ் போட்டே சரிசெய்ய வேண்டும். “மணல்ல சரி பண்ணிக்கலாம் சார்” என்று மேஸ்திரி சொல்வார், சம்மதிக்காதீர்கள். மணல் அதிகமாக விழுந்த இடம்தான் பிற்பாடு பள்ளமாகும்.

சம்ப் மேல் தளம் வாசலில் வந்தால் அதன்மேல் கார் ஏறும்படி கம்பி கட்டி வார்த்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளாமல் அந்த வழியாகச் சக்கரத்தடம் அமைக்காதீர்கள். ஏற்கெனவே கான்கிரீட் போட்ட வாசலில் அதன்மேலேயே பேவர் பதிக்கலாம், ஆனால் தாழ்ந்த பக்கத்தில் கான்கிரீட்டைத் துளைத்து, துளையில் சிப்ஸ் நிரப்பி, துணி மூடி நீருக்கு வழிவிட வேண்டும். இல்லையென்றால் மணல் படுக்கை ஒரு தட்டில் தேங்கிய நீர்போல ஊறிக்கிடக்கும்.

ஓரக் கட்டு

பேவர் தளம் ஒரு வளைவு மாதிரி வேலை செய்கிறது: ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கி நிற்கிறது. கடைசிக் கல்லை நெருக்க யாரும் இல்லையென்றால் முழு வரிசையும் வெளிப்பக்கம் நகரும். வீட்டுச் சுவரும் காம்பவுண்டுச் சுவரும் இரண்டு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். கேட் பக்கமும் தோட்டப் பக்கமும் கெர்ப் கல்லையோ, ஆறு அங்குல அகலக் கான்கிரீட் பட்டையையோ ஜல்லியின்மேல் நிறுத்தி, வெளிப்புறம் கான்கிரீட் சாய்வு கொடுக்க வேண்டும். மண்ணில் செங்கல்லைச் செருகி நிறுத்துவது ஓரக் கட்டு ஆகாது. கான்கிரீட் குறைந்தது மூன்று நாளாவது நனைந்து இறுகிய பிறகே அடுத்த வேலை. மணல் வெளியே கசியாமலிருக்க, கட்டின் உட்புறம் ஓர் அடி அகலத் துணிப் பட்டையை ஒட்டி விரித்துவிடுங்கள்.

மணல் படுக்கை

இந்தியச் சாலைகள் காங்கிரஸின் எஸ்பி 63 வழிகாட்டி, படுக்கை மணலுக்கு 20 முதல் 40 மி.மீ. கனம் சொல்கிறது, இறுகிய பின் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். கழுவிய, கரகரப்பான எம் சாண்ட் இதற்கு ஏற்றது. பூச்சுக்குப் பயன்படும் பி சாண்ட் மிக நைசு. கிரஷர் தூள் மலிவு என்பதால் எல்லோரும் போடுகிறார்கள். அதிலுள்ள மாவு நீரைப் பிடித்துவைத்து, சக்கரத்தின் அழுத்தத்தில் குழம்பாகப் பிதுங்கும். தொடக்கத்தில் சொன்ன சாம்பல் குழம்பு இதுதான். எம் சாண்டிலும் மாவு இருக்கிறதா என்று கண்ணாடி டம்ளரில் நீரோடு கலக்கி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். மேலே படியும் சேற்று அடுக்கு மெல்லிய கோடாக இருந்தால் சரி.

படுக்கை மணலில் சிமென்ட் கலப்பது சென்னையில் பல மேஸ்திரிகளின் வழக்கம். உறுதி கூடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு மெல்லிய, கம்பியில்லாத கான்கிரீட் தகடாகி, நீரையும் தடுத்து, சில மாதங்களில் வெடித்துத் துண்டு துண்டாகத் தூக்கும். பின்னாளில் குழாய் வேலைக்குக் கல்லைப் பெயர்த்தால் அடியில் ஒட்டிய கட்டியோடு வரும். அந்தக் கல்லை மீண்டும் பதிக்க முடியாது.

ஒரே அளவுள்ள இரண்டு ஜிஐ பைப்புகளை வாட்டத்தோடு கிடத்தி, இடையில் மணலைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்துச் சமப்படுத்துங்கள். மணல் 40 மி.மீ. உயரம் இருந்தால் இறுகிய பின் ஏறக்குறைய 30 மி.மீ. ஆகும். பைப்பை எடுத்த தடத்தில் மணலைத் தூவிக் கரணையால் நிரவுங்கள். இழுத்த மணலில் யாரும் கால் வைக்கக் கூடாது, அன்றைக்குப் பதிக்கும் அளவுக்கு மட்டுமே இழுக்க வேண்டும். இரவில் பூனை நடந்தால்கூடக் காலையில் மீண்டும் இழுத்துவிடுங்கள்.

பதித்தல்

நேரான ஒரு சுவரை நம்பித் தொடங்காதீர்கள். நம் ஊரில் நேரான காம்பவுண்டுச் சுவர் அபூர்வம். கேட்டுக்கு எதிரே நூல் கட்டி, அதிலிருந்து 3, 4, 5 அடி முக்கோணக் கணக்கில் மூலைமட்டம் பிடித்து இரண்டாவது நூலைக் கட்டுங்கள். தாழ்ந்த முனையிலிருந்து மேடு நோக்கிப் பதித்து வர வேண்டும். பதிப்பவர் பதித்த கற்களின்மேல் முட்டிபோட்டு முன்னேற வேண்டும், மணலின்மேல் அல்ல.

காருக்கான இடத்தில் செவ்வகக் கற்களை மீன்முள் அமைப்பில் பதிப்பது நல்லது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரம் கற்களை முறுக்கும். மீன்முள் அமைப்பில் எந்தத் திசையிலும் நீண்ட நேர் இணைப்பு இல்லாததால் அந்த முறுக்கல் பரவிக் கரைந்துவிடும். செங்கல் சுவர்போல் வரிசை மாற்றிப் பதிப்பதானால், நீண்ட பக்கம் கார் செல்லும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். சதுரங்கக் கட்டம்போல் நேருக்கு நேர் அடுக்குவது நடைபாதைக்கு மட்டும் சரி.

கற்களுக்கிடையே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒட்ட ஒட்ட நெருக்கி அடித்தால் அழகாகத் தெரியும், ஆனால் மணல் இறங்க வழியில்லாமல் விளிம்புகள் உரசிச் சிதறும். மூன்று நான்கு கட்டிலிருந்து கலந்து கல் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே கட்டாகப் பிரித்துப் பதித்தால் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். ஐந்து வரிசைக்கு ஒரு முறை நூல் பிடித்து, விலகிய கல்லை ரப்பர் சுத்தியால் தட்டி நேராக்க வேண்டும். இடித்ததும் தளம் சற்று இறங்கும் என்பதால், சேம்பர் மூடியையும் கிரேட்டிங்கையும்விடக் கற்கள் 5 முதல் 10 மி.மீ. உயர்ந்தே நிற்கட்டும்.

முழுக் கற்கள் முடிந்தபின் ஓரத் துண்டுகள். கல்லில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த துண்டு நிற்காது. அத்தகைய இடத்தில் முந்தைய கல்லையும் சேர்த்து எடுத்து, இரண்டையும் பெரிய துண்டுகளாக வெட்டிப் பொருத்த வேண்டும். சாந்துக் கலவையால் ஓட்டையை அடைப்பது சோம்பேறித்தனம். கட்டிங் மெஷினில் வெட்டும்போது கல்லை நனைத்து வெட்டச் சொல்லுங்கள், வெட்டுபவருக்கு முகக்கவசமும் கண்ணாடியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

இடித்து இறுக்குதல்

இணைப்பு மணல் போடும் முன்பே பிளேட் காம்பாக்டரை இரண்டு நடை ஓட்ட வேண்டும். அப்போதுதான் படுக்கை மணல் அடியிலிருந்து இடுக்குகளுக்குள் கொஞ்சம் ஏறிப் பிடித்துக்கொள்ளும். நிறக் கல்லில் கீறல் விழாமலிருக்க இயந்திரத்தின் தகட்டுக்குக் கீழே ரப்பர் விரிப்பு கட்டுங்கள். வேலை பாதியில் நிற்கும் திறந்த விளிம்பிலிருந்து 3 அடி தள்ளியே ஓட்ட வேண்டும். உடைந்த கல் இருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

பிறகு நன்கு உலர்ந்த நைசு மணலைக் கொட்டி, தென்னந்துடைப்பத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டி இடுக்குகளில் இறக்க வேண்டும். பி சாண்ட் பயன்படும் ஒரே இடம் இதுதான். ஈர மணல் மேலேயே பாலம் கட்டி நின்றுவிடும், உள்ளே வெற்றிடம் இருக்கும். மணல் கூட்டி, இயந்திரம் ஓட்டி, மீண்டும் கூட்டி, மீண்டும் ஓட்டி, கத்தி முனையை இடுக்கில் அழுத்தினால் இறங்காத நிலை வரும்வரை செய்யுங்கள். இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றும் வழக்கத்தை அனுமதிக்க வேண்டாம். கார் அன்றே ஏறலாம். பத்து நாள் கழித்து ஒரு முறையும், முதல் மழைக்குப் பின் ஒரு முறையும் மணல் கூட்டுவது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

கொல்லைப்புறம், மாடிப்படியடி, ஊஞ்சல் போடும் திண்ணையோரம் போன்ற நடக்கும் இடங்களுக்கும் இதே வரிசைதான். கல் 50 மி.மீ., அடித்தளம் 100 மி.மீ. போதும். பக்கவாட்டுச் சந்தில் வெயில் படாத இடத்தில் பாசி பிடிக்கும் என்பதால், அங்கே சொரசொரப்பான கல்லும் சற்றுக் கூடுதல் வாட்டமும் கொடுங்கள்.

பிறகு வருபவை

முதல் சில மாதங்களில் கல்லின்மேல் வெள்ளைப் பூப்பு தெரியலாம். சிமென்டிலுள்ள சுண்ணாம்பு மேலே வந்து உலர்வதுதான் அது. பெரும்பாலும் மழையில் தானே மங்கிவிடும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் பூப்போடு நிறமும் போய்விடும். கடலோரப் பகுதிகளில் உப்பான போர் தண்ணீரால் தினமும் கழுவினால் அந்த உப்பும் சேர்ந்து படியும். எண்ணெய் சிந்தினால் உடனே மரத்தூள் போட்டு உறிஞ்சவிட்டு, சோப்புத் தூளால் தேய்க்கலாம். பிரஷர் வாஷரை இடுக்குக்கு நேராகப் பிடித்தால் மணல் முழுவதும் பறந்துவிடும்.

எறும்புகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. இடுக்கில் மணல் தளர்ந்த இடத்தைப் பார்த்து அவை குடியேறி, படுக்கை மணலைக் குருணை குருணையாக மேலே கொண்டுவந்து குவிக்கும். சின்னஞ்சிறு குவியல்கள் வரிசையாகத் தெரிந்தால் மணல் கூட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

ஓரிடம் இறங்கிவிட்டால் முழுத் தளத்தையும் பெயர்க்க வேண்டியதில்லை. இரண்டு தட்டையான நெம்புகோல்களை எதிரெதிர் இடுக்கில் விட்டு முதல் கல்லை உயர்த்துவதுதான் கடினம். அது வந்துவிட்டால் மற்றவை கையால் வரும். பள்ளத்துக்கு அப்பால் இரண்டு வரிசை கூடுதலாக எடுத்து, அடித்தளத்தை வெட் மிக்ஸால் நிரப்பி இடித்து, மணல் இழுத்து, அதே கற்களைத் திரும்ப வைக்கலாம். அதற்காகவே மீந்த கற்களை விற்றுவிடாமல் மொட்டைமாடியில் அடுக்கிவையுங்கள். வெயிலும் மழையும் பட்டு அவையும் வாசல் கற்களின் நிறத்துக்கே வந்திருக்கும். எங்கள் மாடியில் 22 கற்கள் இருந்தன. போன ஆண்டு கேட்டருகே குடிநீர்க் குழாய் மாற்றியபோது பெயர்த்ததில் 5 உடைந்தன. மாற்றுக் கற்களை வைத்து இடித்து முடித்த மாலையில், எந்த ஐந்து என்று என் மனைவி கேட்டார். என்னாலும் காட்ட முடியவில்லை.